காற்றுக்குத் திசை கிடையாதாம்

அந்தக் கடலோர வட்டாரத்தின் வானிலை அறிக்கையைக் கிளிப்பிள்ளைகூட வாசித்துவிடும். வறண்ட வானிலை நிலவும், பலத்த காற்று வீசும், மழைக்கு வாய்ப்பில்லை. நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான். ரேடியோவில் அறிக்கை ஆரம்பித்ததுமே டீக்கடைக்காரர் கூடச் சேர்ந்து ஒப்பிப்பார். கடைசி வரி வரும்போது பெஞ்சில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இந்த மூன்று வரியை எழுத ஒரு ஆபீஸா, அதில் ஆட்களா, அவர்களுக்குச் சம்பளம் வேறா என்று கேட்காத வாய் ஊரில் இல்லை.

கேட்டுவிட்டுப் போகட்டும். எழுதுகிறவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டில் அவளுக்கு மிளகா என்று பெயர். சான்றிதழ்களில் வேறு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சின்ன வயசிலேயே மூக்கு மேல் கோபம். படித்து முடித்து, வட்டார வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பாளராக உட்கார்ந்த பிறகும் காரம் குறையவில்லை. எண்கள் பக்கம் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான். ஒருமுறை பலூன்காரர், அதாவது தினமும் கருவியைக் கட்டி வானத்தில் பலூன் விடுகிறவர், நாற்பத்தாறு என்று வந்த காற்று வேகத்தைக் கிட்டத்தட்ட ஐம்பது என்று குறித்துவிட்டார். நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "கிட்டத்தட்டன்னு ஒரு காத்து எந்த ஊர்ல அடிக்குதுண்ணே? சொல்லுங்க, நானும் போய்ப் பாத்துட்டு வரேன்." அவர் அவளைவிட வயதில் மூத்தவர். இருந்தும் தலையைச் சொறிந்துகொண்டு திருத்தி எழுதினார்.

அந்த ஊர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வருஷம் முழுக்கக் காற்று கடலிலிருந்துதான். அதனால் வாசல், ஜன்னல், அடுப்படிப் புகை போகிற வழி எல்லாமே நிலத்தைப் பார்த்துத்தான் இருக்கும். தகரக் கூரை போடுவதும் அப்படியே. ஒரு தகரத்தின்மேல் அடுத்த தகரத்தை ஏற்றி வைக்கும்போது, திறந்திருக்கிற விளிம்பு நிலத்துப் பக்கம் வருகிற மாதிரி வைப்பார்கள். கடல்காற்று மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே நுழைய இடுக்கு கிடைக்காது. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊரில் கூரை என்றாலே அப்படித்தான்.

இப்படி இருக்கிற ஊருக்கு, தலைமை அலுவலகம் சில மாதங்களுக்கு முன் ஒரு நல்ல காரியம் செய்தது. அறிக்கையை எளிமைப்படுத்தியது. அதுவரை "கடலிலிருந்து பலத்த காற்று" என்று இருந்ததில் "கடலிலிருந்து" போய்விட்டது. கணினியில் திசைக்கு இருந்த கட்டத்தையே தூக்கிவிட்டார்கள். வேகத்தைப் போட்டால் அதுவே ஒரு நிறத்தைக் காட்டும்: அறுபது கிலோமீட்டர் வரைக்கும் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், எழுபதைத் தாண்டினால் சிவப்பு. மக்களிடம் கருத்துக் கேட்டார்களாம். திசை என்பது குழப்பமாக இருக்கிறது என்று மக்கள் சொன்னார்களாம்.

"எந்த மக்கள்?" என்று மிளகா அன்றைக்கே எகிறினாள். "ஃபேன் போட்டாத்தான் காத்தே வரும்னு நினைச்சிட்டிருக்கிற மக்களா?"

பலூன்காரர் சிரித்தார். போனில் கேட்டுக்கொண்டிருந்த மண்டல இயக்குநர் சிரிக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவர் யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார். பேச்சு முழுக்கத் தித்திப்பு. அதனால் மிளகா அவருக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்திருந்தாள். சர்க்கரை கடலே இல்லாத தலைநகரில், கண்ணாடி ஜன்னல் மூடிய அறையில் இருந்தார்.

காற்று எப்போதும் கடலிலிருந்துதானே வருகிறது, கட்டம் இல்லாவிட்டால் இப்போது என்ன குடிமுழுகிவிட்டது என்று மிளகாவும் கொஞ்ச நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். அந்த ஒரு நாள் வரும் வரைக்கும்.

அன்று காலை விட்ட பலூன் மேலே போகப் போக விசித்திரமான செய்தி அனுப்பியது. உயரத்தில் காற்று ஏற்கெனவே திரும்பியிருந்தது. உள்நாட்டு நிலையங்களின் அழுத்தக் கணக்கை எடுத்துப் பார்த்தாள். அங்கே ஏறிக்கொண்டே இருந்தது, கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. மறுநாள் மதியத்துக்கு முன்பே காற்று நிலத்திலிருந்து அடிக்கப் போகிறது. உலர்ந்த, சூடான காற்று. இரண்டு மூன்று நாள் நீடிக்கும். வேகம் நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்து என்பது அந்த ஊருக்கு ஒரு காற்றே இல்லை. ஆனால் அது பின்பக்கமிருந்து வந்தால்? மிளகாவுக்கு முதலில் நினைவு வந்தது தங்கச்சியின் காப்பகம்.

தங்கச்சி, மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்தினாள். கட்டடம் பழைய கிடங்கு. சமையலறைக்கு மட்டும் கான்கிரீட் கூரை. மற்றபடி நீளமான ஒரே கூடம், மேலே தகரம், நிலத்தைப் பார்த்து இரண்டு பெரிய கதவுகள். அந்தத் தகரத்தைப் போட்ட அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதே மிளகாதான். விளிம்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதியம் சாப்பிட்டதும் குழந்தைகளை அந்தக் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுத் தூங்க வைப்பார்கள்.

மிளகா போனை எடுத்துச் சர்க்கரையைப் பிடித்தாள்.

"சார், நாளைக்குக் காத்து திரும்புது. நிலக்காத்து. மதியத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும்."

"அப்படியா? அருமையாக் கண்டுபிடிச்சிருக்கீங்க மேடம். வேகம் எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு."

"அப்ப பச்சை. ரொம்ப சந்தோஷம்."

"இதுல என்ன சார் சந்தோஷம்? இங்க ஒவ்வொரு கூரையும் கடல்காத்துக்குன்னு போட்டது. பின்னாலருந்து அடிச்சா விளிம்புல புகுந்து தூக்கிடும். வாசல் எல்லாம் வேற அந்தப் பக்கம். உள்ள போற காத்து அடியிலருந்து நெம்பும். அதுக்கு நாப்பத்தஞ்சே தாராளம்."

"உங்க அக்கறை எனக்குப் புரியுது. மனசாரப் பாராட்டுறேன்."

"பாராட்டெல்லாம் நீங்களே வச்சுக்குங்க சார். திசையைப் போட எனக்கு ஒரு வரி வேணும்."

"அந்தக் கட்டம்தான் இப்ப இல்லையே மேடம்."

"குறிப்புல எழுதுறேன்."

"குறிப்பு அந்தப் பட்டியல்லருந்துதானே எடுக்க முடியும்? அதுல எது பொருத்தமோ அதைப் போடுங்க."

பட்டியல் கண்முன் திரையிலேயே இருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கவும். குழந்தைகளை வெயிலில் நிறுத்த வேண்டாம். மரத்தடியில் வண்டி நிறுத்த வேண்டாம். வண்டி நிறுத்துகிற அளவுக்கு அந்த ஊரில் மரமே கிடையாது.

"சார், குழந்தைங்க தூங்குற இடம் சார் அது."

"எழுத்துல குடுங்க மேடம். குழு கூடும்போது கட்டாயம் வைப்போம்."

"குழு எப்பக் கூடும்?"

"அடுத்த காலாண்டுல."

"காத்து நாளைக்கு வருது சார்!"

"அதான் பச்சைன்னு சொல்லிட்டோமே," என்றார் சர்க்கரை, ஒரு குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி.

போனை வைத்துவிட்டு மிளகா மேஜையை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். டீ டம்ளர் குதித்தது. வழவழா கொழகொழா என்று பேசியே ஒரு மனுஷன் ஊரைக் காவு கொடுத்துவிடுவான் போலிருக்கிறதே! சண்டை போட்டாலாவது பதிலுக்குப் போடலாம். இந்த ஆள் பாராட்டுகிறாரே, பாராட்டுகிறவனை என்ன செய்வது?

சரி, அறிக்கை கிடக்கட்டும், முதலில் பிள்ளைகள் என்று தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"ஏய், நாளைக்குக் காப்பகத்தை மூடிடுடி."

"ஏன்க்கா, சிவப்பா?"

"பச்சை."

"அப்புறம் எப்படிக்கா மூடுறது? போன வருஷம் உன் பேச்சைக் கேட்டு ஒரு நாள் மூடினேன், ஞாபகம் இருக்கா? காத்தும் வரல, ஒண்ணும் வரல. நகராட்சியிலருந்து நோட்டீஸ்தான் வந்துச்சு. இன்னொரு தடவை காரணமில்லாம மூடினா உரிமத்தைப் புடுங்கிடுவோம்னு போட்டிருக்கான்."

"காரணம் இருக்குடி. காத்து திரும்புது. உன் கூரை நிக்காது."

"அப்படின்னா புள்ளைங்களை நான் எங்க வச்சுக்குவேன்? அவங்க அம்மாங்க வேலைக்குப் போயாகணும். சிவப்புன்னாத்தான் தொழிற்சாலை லீவு குடுக்கும். பச்சை அன்னிக்கு வீட்ல உக்காந்தா அவங்களுக்கு வேலை போச்சு."

"அந்தத் தகரம் புள்ளைங்க மேல விழுந்தா என்னடி பண்ணுவே?"

 அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது.

"விழும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுதுல்ல?" தங்கச்சியின் குரலும் ஏறியது. அவளும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. "தெரிஞ்சா அதை அறிக்கையில எழுது. எழுதுற இடத்துல உன்னைத்தானே உக்கார வச்சிருக்காங்க? எனக்கு எதுக்குப் போன் பண்ணிக் கத்துறே? நீ போன்ல சொன்னா அது அக்காவோட கோவம். அறிக்கையில வந்தாத்தான்க்கா அது வானிலை."

நகராட்சியைக் கூப்பிட்டாள். சிஸ்டத்தில் பச்சை என்றால் எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். கல்வி அலுவலகத்திலும் அதே பாட்டு. ஊரில் அத்தனை பேரும் அந்த நிறத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணும் காதும் இருக்கிற மனுஷர்கள்!  மிளகாவுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அறிக்கை அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. மற்ற நாட்களில் அது டீ குடித்துக்கொண்டே செய்கிற வேலை. வேகம் என்ற கட்டத்தில் கர்சர் குச்சி மினுக் மினுக்கென்று காத்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து என்று அடித்தாள். திரை பச்சையானது. தென்றல் அடிக்கிற ஊர் மாதிரி அழகான பச்சை.

அதை அழித்தாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணையும் அவள் மாற்றிப் போட்டதில்லை. மேலதிகாரி கேட்டும் போட்டதில்லை, துறைமுகத்துக்காரர்கள் வந்து கெஞ்சியும் போட்டதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு இருந்த திமிர். இப்போது பார், உண்மையைப் போட்டால் ஒரு பயல் கேட்க மாட்டான், பொய்யைப் போட்டால் ஊரே எழுந்து நின்று கேட்கும். இது என்ன நியாயம்? இப்படி ஒரு கட்டத்தைக் கட்டி வைத்தவனை எதால் அடிப்பது?

எழுபத்தைந்து என்று அடித்தாள். திரை சிவந்தது. உடனே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

பின்னால் பலூன்காரர் நின்றிருந்தார்.

"மேடம், பலூன் நாப்பத்தஞ்சுதானே காட்டுச்சு?"

"ஆமா."

"அப்ப இது கிட்டத்தட்ட..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கலம்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வானத்தில் தொங்குகிற மாதிரி ஒரு கூண்டில் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி வைப்பதுதான் வேலை. சிவப்பு என்றால் கிரேனை நிறுத்தியாக வேண்டும், அன்றைய கூலி கிடையாது.

"என்ன, நாளைக்குச் சிவப்பாமே? எழுபத்தஞ்சாமே? மேல உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு அசைவும் தெரியலையே. நாளைக்கு வரப்போற காத்து எந்த மூலையில ஒளிஞ்சிட்டிருக்கு?"

மிளகா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன்னைத்தான். கூட இருக்கிறவனெல்லாம் என்னைப் பிடிச்சு உலுக்குறான். உன் பொண்டாட்டி ஊருக்கே லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டாளேன்னு." கொஞ்ச நேரம் பார்த்தார்.  பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டார். "உடம்பு கிடம்பு சரியில்லையா? திட்டாம இருக்கியே, பயமா இருக்கு."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. இவரும் ஒரு பொய்யைச் சுமக்க வேண்டாம் என்று விழுங்கிவிட்டாள்.

மறுநாள் காலை காற்றே இல்லை. சுத்தமாக இல்லை. கொடியில் போட்ட துணி ஆடாமல் தொங்கியது. பழக்கமில்லாத அந்த அமைதியில் ஊர்க்காரர்களுக்குச் சத்தம் போட்டுப் பேசுவதே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் காற்றுக்கு மேலே கத்தித்தான் பழக்கம். கடைகள் பாதி மூடியிருந்தன. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. தொழிற்சாலை மூடியிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மீன்பிடிக்கிறவர்கள் அவள் போகும்போது எழுந்து நின்று, புடவையைப் பிடித்துக்கொள்ளுங்கள் மேடம், எழுபத்தைந்தில் பறந்துவிடப் போகிறது என்று கும்பிட்டுச் சிரித்தார்கள். மிளகா நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்துவிடு, வந்துவிடு என்று காற்றை வேண்டிக்கொண்டே நடந்தாள். உடனே ஐயோ, வரவே வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டாள்.

வந்தது. ஆபீஸ் ஜன்னல் கதவு, இத்தனை வருஷம் ஒருமுறைகூட அடித்துக்கொள்ளாத கதவு, பட்டென்று அடித்தது. மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் கடலைப் பார்த்துப் பறந்தது. வெளியே புழுதி தப்பான பக்கமிருந்து வந்தது. தெருவில் நடந்தவர்கள் பழக்கத்தில் கடலைப் பார்த்துத் தோளைச் சாய்த்து, பின்னாலிருந்து தள்ளு வாங்கித் தடுமாறினார்கள். பிறகு தகரச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் தூரத்தில் ஒன்று, அப்புறம் பக்கத்தில், அப்புறம் எல்லாத் திசையிலும். விளிம்பு தூக்கி, ஆணி பிடுங்கி, ஒரு தகரம் கிளம்பினால் அடுத்த தகரத்துக்கு வழி விட்டுவிட்டுத்தான் போனது.

பலூன்காரர் வேகம் காட்டும் கருவியின் முன்னால் நின்று படித்தார். "நாப்பத்தேழும்மா. நாப்பத்தேழுதான்."

தங்கச்சியின் போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை, இரைச்சல் மட்டும். 

"எங்கடி இருக்கே? ஏய், எங்க இருக்கே?"

"சமையக்கட்டுல. புள்ளைங்க இல்லாத நாள், பாயெல்லாம் அலசலாம்னு வந்தேன்." தங்கச்சிக்கு மூச்சு வாங்கியது. "கூரை போச்சுக்கா. பாதி வெளிய பறந்துடுச்சு. மீதி உள்ள... தூங்குற இடத்துலதான்க்கா விழுந்திருக்கு. வரிசையா, அந்தப் பாய் போடுற இடத்துலயே."   இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கையெல்லாம் கீறலோடு வந்தார். காப்பகத்துத் தகரங்களை எடுத்துப் போடப் போயிருந்தார். முகம் கழுவிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நாப்பத்தேழுதான் அடிச்சுதாம். நீ எழுபத்தஞ்சு போட்டிருந்தே. தப்பாப் போடுற ஆளில்லையே நீ."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என் கூலி போனாப் போகுது, விடு," என்றார் கடைசியில். "உன்னைப் போயி பொய் சொல்ல வச்சிட்டானுங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல."

சும்மா விடுகிற உலகமா இது? மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் கூட்டம். காற்று இன்னும் நிலத்திலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்தவர்கள், துறைமுகத்தில் நாள் இழந்தவர்கள். நாற்பத்தேழுக்கு எழுபத்தைந்து என்று சொல்லிப் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டாயே என்று ஒருவர் கத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை. மிளகா வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள். திட்டத்தான் அவளுக்குத் தெரியும். வாங்கிக்கொள்வது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது கூடப் பொறுக்கலாம். தங்கச்சிக்கு நகராட்சி ஒரு ஓலை அனுப்பியிருந்தது. பதிவான காற்றின் வேகம் நாற்பத்தேழு மட்டுமே; அந்த வேகத்தில் கூரை போயிருக்கிறது என்றால் கட்டுமானம் தரமற்றது; எனவே உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது? தரமற்றதாம்! ஊரிலேயே நன்றாகப் போட்ட கூரை அது. கூரை இழந்த அத்தனை வீட்டுக்கும் இதே பதில்தான் போய்க்கொண்டிருந்தது.

மதியம் சர்க்கரை நேரிலேயே வந்து இறங்கினார். காரின் கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கி மடக்கப் பார்த்தது. டிரைவர் ஓடி வந்து பிடித்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தவர், மிளகாவின் எதிரில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"மேடம், நடந்தது நடந்துபோச்சு. உங்க சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நாலை அடிக்கப் போய் ஏழு விழுந்துடுச்சு, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பொத்தான்தானே. தட்டச்சுப் பிழைன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்து போட்டா எல்லாம் முடிஞ்சுது."

"கூரை போனது?"

"அது கட்டுமானக் குறைபாடு. நமக்கு அதுல சம்பந்தமில்ல. நம்ம கணிப்பு நாப்பத்தஞ்சு, அடிச்சது நாப்பத்தேழு. உண்மையில பிரமாதமான கணிப்பு மேடம். பாராட்டுக் கடிதம்கூட..."

"நிறுத்துங்க சார்." மிளகா எழுந்துவிட்டாள். "விரல் தவறி விழல. நான் பொய் சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். எழுதிக்குங்க. உண்மையைச் சொல்ல ஒரு வரி குடுங்கன்னு உங்க காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன், தண்ணி குடிக்கச் சொல்ற பட்டியலைக் காட்டினீங்க. இதுல நான் கையெழுத்து போட்டா என்ன அர்த்தம்? காத்துக்குத் திசை கிடையாது, என் தங்கச்சி கட்டினது ஓட்டைக் கூரை, இத்தனை வீட்டுக்காரனும் ஏமாத்துக்காரன்னு அர்த்தம். போட மாட்டேன்."

சர்க்கரையின் முகத்தில் முதல்முறையாகத் தித்திப்பு குறைந்தது. "யோசிச்சுப் பேசுங்க. தெரிஞ்சே தவறான எண் கொடுத்தேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் உங்களைப் பணியிடை நீக்கம் பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"பண்ணுங்க."

அவர் பேனாவை எடுத்தார். பொய்யான எண் கொடுத்த குற்றத்துக்காக என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள்.

"நீங்க உக்காருங்க," என்று சர்க்கரை பலூன்காரரிடம் சொல்வது கேட்டது. "அறிக்கை நேரம் ஆச்சு. இன்னிக்கு என்ன வேகம்?"

"நாப்பத்தெட்டு சார். நிலக்காத்துதான்."

வெளியே எங்கோ ஒரு தகரம் இழுபட்டுக் கிறீச்சிட்டது. சர்க்கரை ஜன்னலைப் பார்த்தார். 

"முந்தாநேத்து போட்ட அதே நம்பரையே வச்சிடுங்களேன்."

"எழுபத்தஞ்சா சார்?"

"பாதுகாப்புதானே முக்கியம்."

மிளகா திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் பலூன்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சார், அந்தக் கட்டத்தைத் திறந்து விடுங்க. ஒரே ஒரு வரி."

"கட்டத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல மேடம்."

"பொய் சொல்ல இருக்கா?"

 மேஜைமேல் போன் அடித்தது. பலூன்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு, போன் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நகராட்சி. நாளைக்கு என்ன கலர்னு கேக்குறாங்க."

"அண்ணே, எந்திரிங்க," என்றாள் மிளகா. பலூன்காரர் எழுந்தார். அவள் நாற்காலியை இழுத்துச் சர்க்கரையின் பக்கம் திருப்பிப் போட்டாள். "நீங்க உக்காருங்க சார். உங்க பேர்ல திறங்க. உங்க விரலால அடிங்க."

சர்க்கரை நாற்காலியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், போனைப் பிடித்தபடி நிற்கிற பலூன்காரரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தன் பெயரை அடித்துத் திறந்தார். ஏழு என்று அடித்துவிட்டு நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மிளகா அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் அடுத்த எண்ணையும் அடித்துத் திரை சிவக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.